மேலூரில் டீ

கேஸ் மூணு தடவை போட்டாச்சுக்கா என்றார்
சேவுகமூர்த்தி, என்ஜினை அணைக்காமலே.
தேவகோட்டை ரஸ்தாவில் கத்திரி வெயில்.
பானட்டில் கை வைத்தால் தோல் அங்கேயே தங்கிவிடும்.

குன்றக்குடி வரைக்கும் ஊட்டி.
திருப்பத்தூர் தாண்டினா மூச்சு வாங்குது.
மேலூர் வர்றதுக்குள்ள காத்தே இல்ல.
பங்களா பாக்க வந்த வெள்ளைக்காரங்க
விசிறிக்க என் ட்ரிப் ஷீட்டைக் கேட்டாங்க.

ஃபேன் சத்தம் கேட்குதா?
கேட்குது. காத்துதான் வரல.

மேலூர்ல என்ன செய்வீங்க?
டீ குடிப்பேன்.
எவ்வளவு நேரம்?
இதென்ன கேள்வி என்று பார்த்தார்.
ஒரு டீ, ஒரு வடை, கொஞ்சம் பேப்பர். இருபது நிமிஷம்.
வந்து போட்டா?
மறுபடி ஊட்டி.
வண்டிக்கு அடியில தண்ணி?
குளம்க்கா. ரேடியேட்டர் ஒழுகுதோன்னு
விரல்ல தொட்டு ருசிகூடப் பாத்தேன்.

பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது.
அவரிடம் சொல்லவில்லை.

ஃபில்டரை உருவினேன்:
ஆத்தங்குடிச் செம்மண், வேப்பம்பூ,
ஒரு கை முறுக்குத் துண்டு, எப்படிப் போனதோ.
தட்டி மாட்டினேன். இதுதானோ என்று ஒரு சின்ன ஆசை.
இல்லை.

மீட்டரை மாட்டிவிட்டு நாற்பது நிமிஷம்
ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல் ஏறட்டும் என்று.
நீல முள் முப்பதில் இருந்தது.
இருபத்தைந்து.
இருபது.
இந்த இடத்துக்குள் டக் என்று ஒரு சத்தம் கேட்டிருக்க வேண்டும்,
கம்ப்ரஸர் கையை எடுத்துக்கொள்ளும் சத்தம்.
கேட்கவில்லை.
பதினைந்து.

பைப்பில் வெள்ளை பூத்தது, கம்ப்ரஸர் வரைக்கும்.
காக்கைகூட லாரிக்கு அடியில் ஒண்டிய வெயிலில்
அலுமினியத்தின்மேல் உறைபனி.
சேவுகமூர்த்தி விரலால் வழித்து நெற்றியில் இட்டுக்கொண்டார்.
நான் சிரிக்கவில்லை. எனக்கும் ஆசையாக இருந்தது.

காயிலில், தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே, ஐஸ் சுவர்.
ஃபேன் முட்டி முட்டித் திரும்புகிறது.
குளிரே குளிரை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

க்ளவ் பாக்ஸைக் கழற்றி முழங்கை வரை உள்ளே விட்டேன்.
சென்சார்: மிளகளவு தலை, இரண்டு ஒயர்.
மீன்கடை ஜபருல்லாவிடம் ஐஸ் வாங்கி
டம்ளரில் முக்கினேன். நெத்திலி வாடை.
மல்டிமீட்டரில் ஓம்ஸ் விறுவிறுவென்று ஏறியது.
பழுதே இல்லை அதற்கு.

காயிலுக்குள் செருகி இருக்க வேண்டியதை
யாரோ எதற்கோ கழற்றி, திரும்பச் செருகச் சோம்பி,
ஓரமாக, வெதுவெதுப்பில், டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.
அங்கிருந்து தெரிந்ததைத்தான் அது சொன்னது:
இன்னும் சூடு, இன்னும் சூடு.
அதன் முதுகுக்குப் பின்னால் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது.

(ஜோகூரில் என் அண்ணன் நினைவு வந்தது.
பத்தலையா, பத்தலையா என்று
பதினோரு வருஷமாய் அனுப்பிக்கொண்டே இருக்கிறான்.
வீட்டில் யாரும் போதும் என்று சொன்னதில்லை.
நானும்தான்.)

ஐஸ் கரைய விட்டு, செருகி, கிளிப் போட்டு, மூடினேன்.
ஓட்டிப் பார்த்தோம். அமராவதிப்புதூர் போவதற்குள் டக்.
நின்னுருச்சுக்கா! என்று பதறினார்.
நிற்கட்டும்.
கொஞ்ச நேரத்தில் மறுபடி டக்.
வந்துருச்சுக்கா.
வரும்.

கூலி சொன்னதும் முகம் மாறியது.
கேஸே போடலையே?
போடாததற்கும் சேர்த்துத்தான் என்றேன்.
நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் போன்.
மேலூர் தாண்டியும் காத்து வருதுக்கா,
பின்சீட்டுல போர்வை கேக்குறாங்க.
டீ குடிக்கலையா?
குடிச்சேன். கை தானா திருப்பிருச்சு.
இறங்கினதும் குனிஞ்சு பாத்தேன்.
குளமெல்லாம் இல்ல. சொட்டு, சொட்டுதான்.
அது சொட்டணுமா, கூடாதா?

சொட்டணும் என்றேன்.